அந்த இரவில் கணக்கைச் சரியாகப் போட்டவள்

பத்து மணி நேரம் ஓயாமல் பெய்த மழைக்குத் தாங்காமல் ஒரு தேள் வீட்டுக்குள் வந்து அரிசி மூட்டைக்கு அடியில் ஒண்டுகிறது. இருட்டறையில் ஒரு தாயின் கால்விரலைக் கொட்டிவிட்டு மறுபடியும் மழைக்குள்ளேயே இறங்கிப் போய்விடுகிறது. அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் மெழுகுவத்தியும் லாந்தரும் ஏந்தி வந்து கூடுகிறார்கள். தேளைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை; பிறகு தாயை நடுவில் கிடத்திச் சுற்றிலும் உட்கார்ந்து பிரார்த்திக்கிறார்கள். எதையும் ஆராயாமல் ஏற்காத தந்தை, அகப்பட்ட மருந்தையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, கொட்டுப்பட்ட விரலில் கொஞ்சம் மண்ணெண்ணெயை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்து வைக்கிறார். மந்திரிப்பவர் ஒருவர் சடங்கு செய்து ஓதுகிறார். இருபது மணி நேரம் கழித்து வலி அடங்குகிறது. அப்போது அந்தத் தாய் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள்: தேள் தன்னைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை விட்டுவிட்டதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் வாக்கியம் அது.

நிசிம் எசேக்கியேல் ஆங்கிலத்தில் எழுதி, 1965இல் வெளிவந்த 'தி எக்ஸாக்ட் நேம்' தொகுப்பில் இடம்பெற்ற 'நைட் ஆஃப் தி ஸ்கார்ப்பியன்' என்ற கவிதையின் கதை இவ்வளவுதான். இந்தியப் பாடப்புத்தகங்களில் மட்டுமல்லாமல், இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களுக்கான தேர்வுத் தொகுப்பிலும் பல ஆண்டுகள் இது இருந்தது. அதனாலேயே இதற்கென்று ஒரு தயார்நிலைப் பொருள்விளக்கம் உருவாகி நிலைத்துவிட்டது. ஊரார் மூடநம்பிக்கைக்கும், தந்தை பகுத்தறிவுக்கும், தாய் தன்னலமற்ற அன்புக்கும் அடையாளம் என்று மூன்று பத்திகள் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த விளக்கம் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அது தாயின் சொல்லை உணர்ச்சியின் கணக்கில் எழுதி ஒதுக்கிவிடுகிறது; அன்றிரவு அந்த வீட்டில் பேசப்பட்டவற்றில் உண்மை நிலவரத்தோடு ஒத்துப்போன ஒரே பேச்சு அவளுடையதுதான் என்பதைக் காணத் தவறுகிறது. அந்த இடத்துக்கு வருவதற்கு முன், மற்றவர்கள் என்ன சொன்னார்கள், ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

எசேக்கியேல் 1924இல் மும்பையில் பெனே இஸ்ரேல் என்னும் யூதச் சமூகத்தில் பிறந்தவர். கொங்கணக் கரையோரக் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக மராத்தி பேசி வாழ்ந்த இந்தச் சமூகத்தாரின் பழைய தொழில் செக்காட்டி எண்ணெய் எடுப்பது. ஓய்வுநாளான சனிக்கிழமையில் செக்கு ஓட்டாததால் ஊரார் இவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தார்கள். கவிஞரின் தந்தை தாவரவியல் பேராசிரியர். தாய் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தித் தலைமையாசிரியராகவும் இருந்தவர். எனவே மண்சுவர் வீட்டில் பாயில் கிடந்து புரளும் தாயை அப்படியே கவிஞரின் தாயாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தந்தை இட்ட மருந்துகளை அடுக்கும்போது மூலிகையோடு ஒட்டுவகைச் செடியையும் சேர்த்து மோனைபோலச் சொல்லும் இடத்தில் மட்டும், தாவரவியல் பேராசிரியரின் மகன் தனக்குள் லேசாகச் சிரித்துக்கொள்கிறார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இந்தப் பின்னணியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுத்தாளர் வி. எஸ். நைபால் 1964இல் இந்தியாவைப் பற்றி எழுதிய கசப்பான பயண நூலுக்கு மறுமொழியாக எசேக்கியேல் 'நைபால்ஸ் இந்தியா அண்ட் மைன்' என்ற கட்டுரையை எழுதினார். தாம் இந்து அல்லர், பின்புலத்தால் இயல்பாகவே வெளியாள், ஆயினும் சூழ்நிலைகளும் தாமே எடுத்த முடிவுகளும் தம்மை இந்தியாவோடு பிணைத்திருக்கின்றன என்ற நிலையிலிருந்து அதில் அவர் பேசினார். கவிதையில் கிராமத்தாரைப் பார்க்கும் கண்ணும் அதே கண்தான். அது கேலி செய்வதும் இல்லை, கூட்டத்தோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்வதும் இல்லை. ஊரார் ஈக்கூட்டம்போல வந்து கடவுள் பெயரை நூறு முறை ரீங்கரித்தார்கள் என்ற உவமையில் எரிச்சல் தெரியாமல் இல்லை. ஆனாலும் மழையிரவில் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான் என்பதையும் கவிதை மறைக்கவில்லை. இன்னும் மெழுகுவத்திகள், இன்னும் லாந்தர்கள், இன்னும் அண்டைவீட்டார், இன்னும் பூச்சிகள், தீராத மழை என்று அந்தப் பட்டியல் நீளும்போது, தொல்லையும் துணையும் ஒரே அடுக்கில் நிற்கின்றன.

ஊராரின் பேச்சு இரண்டு படிகளில் நடக்கிறது. முதல் படி தேளைப் பற்றியது. தேள் அசையும்போதெல்லாம் அதன் விஷமும் தாயின் இரத்தத்தில் அசையும், ஆகவே அது அசையாமல் இருக்கட்டும் என்கிறார்கள். காயத்துக்கும் காயப்படுத்தியதற்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு தொடர்ந்து கட்டப்பட்டிருக்கிறது என்ற இந்த எண்ணம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஒருகாலத்தில் தொட்டுக்கொண்டிருந்தவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும் என்னும் இவ்வகை நம்பிக்கையைத் தொடர்பு மந்திரம் என்று வகைப்படுத்திய மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர், புண்ணை விட்டுவிட்டுப் புண்படுத்திய ஆயுதத்துக்கு மருந்து போடும் வழக்கம் ஐரோப்பாவிலும் இருந்ததை எடுத்துக்காட்டுகிறார். நம்மூரிலும் தேள்கடிக்கு வேப்பிலையால் மந்திரித்து விஷத்தை 'இறக்கும்' வழக்கம் உண்டு. புளியங்கொட்டையைக் கல்லில் சூடேறும்வரை உரசிக் கடிவாயில் ஒட்டி, அது விஷத்தை உறிஞ்சி முடித்ததும் தானே விழும் என்று காத்திருந்த வீடுகளும் உண்டு. விஷம் என்பது ஏற்றவும் இறக்கவும் கூடிய, சொல்லுக்குக் கட்டுப்படுகிற ஒரு பொருள் என்ற நினைப்புதான் இவற்றுக்கெல்லாம் அடிப்படை. (தமிழில் பாம்பு கடிக்கும், தேள் கொட்டும், ஆனால் விளைவுக்கு மட்டும் 'தேள்கடி' என்றே பெயர். ஆங்கிலக் கவிதையிலும் இதே குழப்பம் இருக்கிறது: கொட்டுப்பட்ட விரலைக் கவிஞர் கடிபட்ட விரல் என்றே எழுதுகிறார்.)

இரண்டாவது படியில் ஊரார் தேளை மறந்துவிட்டுத் தாயின் பிறவிக் கணக்கைத் திறக்கிறார்கள். முற்பிறவிப் பாவங்கள் இன்றிரவே எரிந்து போகட்டும். இந்த வேதனை மறுபிறவியின் துன்பங்களைக் குறைக்கட்டும். இந்தப் பொய்யான உலகில் நன்மையின் தொகைக்கு எதிரே நிற்கும் தீமையின் தொகை உன் வலியால் சிறிது கழியட்டும். விஷம் உன் உடலின் ஆசையையும் ஆவியின் வேட்கையையும் கழுவட்டும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். வினைப்பயனும் மாயையும் ஆசையறுத்தலும் தத்துவ நூல்களில் எவ்வளவு நுட்பமாகப் பேசப்பட்டாலும், வலியில் துடிக்கும் ஒருத்தியின் தலைமாட்டில் வந்து நிற்கும்போது பற்று வரவுப் பேரேடாகச் சுருங்கிவிடுகின்றன. அவள் பாயில் முறுக்கிப் புரள்கிறாள். அவர்கள் அவளது வலியை வரவில் வைக்கிறார்கள். ஏறத்தாழ ஒவ்வொரு வேண்டுதலுக்குப் பிறகும் 'என்றார்கள்' என்ற சொல் திரும்பத் திரும்ப, மொத்தம் ஐந்து முறை வருகிறது. உடுக்கையடி போன்ற அந்தச் சொல், மந்திர உச்சாடனத்தின் தாளத்தைக் கவிதைக்குள் கொண்டுவருகிறது. கூடவே, இவையெல்லாம் அவர்கள் சொன்னவை, நான் சொன்னவை அல்ல என்று பேசுபவன் சற்றே விலகி நிற்பதையும் காட்டுகிறது.

பிரார்த்தனை முடிந்து தரையில் உட்கார்ந்திருக்கும் அவர்கள் ஒவ்வொருவர் முகத்திலும் புரிந்துகொண்டதன் சமாதானம் தெரிந்ததாகக் கவிஞர் எழுதுகிறார். என் வாசிப்பில் இக்கவிதையிலேயே மிகக் கூரிய வரி இதுதான். பைபிளில் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் 'எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்' என்று ஒரு தொடர் வருகிறது. ஆங்கிலத்தில் அது அடிக்கடி எடுத்தாளப்படும் தொடர். எசேக்கியேல் அதை எடுத்து, 'மேலான' என்பதை மட்டும் நீக்கிவிட்டார். பைபிளின் சமாதானம் புத்திக்கு எட்டாதது. இந்தக் குடியானவர்களின் சமாதானமோ எல்லாம் புரிந்துவிட்டதால் வந்தது. அவள் ஏன் துடிக்கிறாள், அதனால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர்களிடம் விடை இருக்கிறது. ஆகவே நடுவில் ஒருத்தி முனகிக்கொண்டிருக்க, சுற்றியிருப்பவர்கள் நிம்மதியாக இருக்க முடிகிறது. மூடநம்பிக்கையின் தீங்கு தவறான மருந்தைத் தருவதில் மட்டும் இல்லை, பக்கத்தில் இருப்பவரின் வலிக்குச் சீக்கிரமாகப் பொருள் சொல்லி அடைத்துவிடுவதிலும் இருக்கிறது என்பதை வேறு எங்கும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

தந்தையின் நிலை இதைவிடச் சங்கடமானது. சந்தேகவாதி, பகுத்தறிவாளர் என்று அவரை அறிமுகப்படுத்திய கையோடு, சாபமும் ஆசியும் உட்பட எல்லாவற்றையும் அவர் முயன்று பார்த்ததாகக் கவிதை சொல்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைப்பது பார்வைக்கு விஞ்ஞானம்போலத் தோன்றலாம். ஆனால் கொட்டிய கணத்திலேயே தசைக்குள் இறங்கிவிட்ட விஷத்தை மேல்தோலில் எரியும் தீ ஒன்றும் செய்யாது. வலியோடு தீப்புண்ணும் சேரும், அவ்வளவுதான். தீ தன் தாயை உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அந்தச் சிறுவன் சொல்கிறான். அவரைப் போலிப் பகுத்தறிவாளர் என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. கையில் சரியான மருந்து இல்லாத இரவில் பகுத்தறிவாளரும் கைக்கு எட்டியதைத்தான் எடுப்பார்.

சரியான மருந்து உண்மையிலேயே அப்போது இல்லை. இந்தியாவில் இருக்கும் தேள் வகைகளில் பார்த்தாலே நடுங்கவைக்கும் பெரிய கருந்தேளின் கொடுக்கு பெரும்பாலும் வலியோடு நின்றுவிடும். ஆளைக் கொல்லக்கூடியது உருவில் சிறிய செந்தேள்தான். 1798இல் டென்மார்க்கு இயற்கையியலாளர் ஃபாப்ரீசியஸ் அதற்குச் சூட்டிய 'தமுலஸ்' என்ற இனப்பெயர் தமிழைக் குறிப்பது என்பது நமக்கு அவ்வளவு பெருமையான செய்தி அன்று. எசேக்கியேலின் முன்னோர் வாழ்ந்த கொங்கணப் பகுதியில் இந்தச் செந்தேள் மிகுதி. அதன் விஷம் நரம்புகளைத் தூண்டிவிட, வியர்வை வெள்ளமாகக் கொட்டி, கைகால் சில்லிட்டு, இரத்த அழுத்தம் ஏறி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து ஆள் இறப்பதுண்டு. கொங்கணத்தின் மகாட் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பிரசோசின் மாத்திரை இந்த விஷத்தின் விளைவுகளை முறிக்கிறது என்பதை 1980களில் நிறுவினார். அதற்கு முன் மேற்கு இந்தியாவில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரை இறந்தார்கள் என்றும், பிறகு அது மிகச் சொற்பமாகக் குறைந்தது என்றும் மருத்துவ இதழ்களில் அவர் பதிவு செய்திருக்கிறார். எசேக்கியேலின் கவிதை வெளிவந்தது அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பு.

அந்த வீட்டைத் தேடி வந்தது எந்தத் தேள் என்று கவிதை சொல்லவில்லை. இருபது மணி நேரத்துக்குப் பிறகு விஷம் தன் கொடுக்கை இழந்தது என்று மட்டும் சொல்கிறது. ஒரு நாளைக்குள் வலி தானே தணிவது தேள்கடியின் இயல்பான போக்கு. மருந்தால் தணிந்ததா, மந்திரத்தால் தணிந்ததா, பிரார்த்தனையால் தணிந்ததா என்று கவிதை யாருக்கும் பாராட்டு வழங்கவில்லை. ஆனால் மறுநாள் ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. மந்திரித்தவருக்கு அடுத்த தேள்கடிக்கும் அழைப்பு வந்திருக்கும். தானாகத் தீரும் நோய்கள் இருக்கும்வரை மந்திரிப்பவர்களின் கைராசி குறையாது.

இந்தியக் கவிதையில் தாயன்பும் ஊர்நம்பிக்கையும் ஒரே வீட்டில் சந்திப்பது இது முதல்முறை அன்று. சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறை முழுவதும் இதுதான். காதலால் மெலிந்த மகளைக் கண்டு கலங்கும் தாய், முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று கருதி, முருகனுக்கு வெறியாடும் பூசாரியான வேலனை அழைக்கிறாள். ஆட்டுக்குட்டி அறுக்கப்படுகிறது, பலிச்சோறு படைக்கப்படுகிறது. உண்மைக் காரணம் தெரிந்த தோழி குறுந்தொகை 362ஆம் பாட்டில் வேலனிடம் மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்கிறாள்: இவளுக்கு இந்த நோயைத் தந்தவன் மலைநாட்டுத் தலைவன், 'விண்தோய் மாமலைச் சிலம்பன் ஒண்தார் அகலமும் உண்ணுமோ பலியே', அதாவது அவனுடைய மாலையணிந்த மார்பும் உன் பலியை உண்ணுமா? நற்றிணை 34ஆம் பாட்டில் இன்னும் ஒருபடி மேலே போய்த் தெய்வத்தையே கடிந்துகொள்கிறாள்: 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே'. இந்தப் பாடல்களில் தாயின் அன்பில் ஐயமில்லை, ஆனால் நோயின் காரணத்தை அறியாதவள் அவள்தான், அறிந்தவள் சிரிக்கிறாள். எசேக்கியேலின் வீட்டில் இது தலைகீழாகிறது. இங்கே சடங்கு தாய்க்கு நடக்கிறது, தாய் நடத்துவதில்லை. சிரிக்கும் தோழியும் இல்லை. எல்லாரும் தெரிந்ததுபோலப் பேச, பேசாமல் கிடப்பவள் ஒருத்தி.

கடைசியில் அவள் பேச்சு வரும் மூன்று வரிகளைக் கவிஞர் தனிப் பத்தியாகப் பிரித்து வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் மூச்சுவிட இடமின்றி ஒரே பத்தியாக ஓடிய கவிதை, இங்கே ஒரு வெற்று வரியைத் தாண்டி நிற்கிறது. ஊரார் நூறு முறை கடவுள் பெயரைச் சொன்னார்கள். அவள் ஒரு முறை சொல்கிறாள். அவளுடைய சொல்லும் ஒரு கணக்குத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பட்ட வலி இன்னொன்றுக்கு ஈடாகும் என்றுதான் ஊராரும் சொன்னார்கள், அவளும் அதைத்தான் சொல்கிறாள். ஆனால் ஊரார் கணக்கில் வரவு அவளுடைய பேருக்கே, அடுத்த பிறவியில். அவள் கணக்கில் வரவு பிள்ளைகள் பேருக்கு, இதே வீட்டில், இதே இரவில். முற்பிறவியும் மறுபிறவியும் பொய்யுலகமும் அவள் பேச்சில் இல்லை. தேளைச் சாத்தான் என்றும் அவள் சொல்லவில்லை.

அவள் கணக்குச் சரியானது என்பதற்கு மருத்துவம் சாட்சி. தேள் செலுத்தும் விஷத்தின் அளவு, கொட்டப்படுபவரின் உருவத்துக்குத் தக்கபடி குறைவதில்லை. அதே அளவு விஷம் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் பல மடங்கு செறிவோடு பரவும். தேள்கடியால் இறப்பவர்களில் குழந்தைகளே மிகுதியாக இருப்பதற்குக் காரணம் இது. வளர்ந்த பெண்ணை இருபது மணி நேரம் புரட்டிய விஷம் ஒரு சின்னக் குழந்தையை விட்டுவைத்திருக்குமா என்பது ஐயமே. எந்தப் பாடமும் படிக்காமலேயே, எது பெரிய இழப்பாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்பு அறிவை மறைக்கும் என்று பழகிப்போன நமக்கு, அன்பே அறிவாக வேலை செய்யும் இந்த இடம் எளிதில் பிடிபடுவதில்லை.

இந்த முடிவின்மேல் வைக்கப்படும் ஒரு மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. வலியில் கிடந்தவள் வலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் பிள்ளைகளுக்காக நன்றி கூறுவதைக் கொண்டாடுவது, பெண்ணின் துன்பத்தைத் தாய்மை என்று பெயர் மாற்றி ஏற்றுக்கொள்ளும் பழைய வழக்கம்தானே என்று கேட்கலாம். வகுப்பறை விளக்கங்களில் 'தியாகத்தின் திருவுருவம்' என்றெல்லாம் எழுதப்படும்போது எனக்கும் அந்தக் கேள்வி எழுவதுண்டு. எனினும் கவிதை அந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. தந்தைக்கு இரண்டு அடைமொழி தந்த கவிஞர் தாய்க்கு ஒன்றுகூடத் தரவில்லை. அவள் 'சொன்னது இவ்வளவே' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லை வைக்கிறார். அந்த 'இவ்வளவே'யில் வியப்பும் இருக்கலாம், குற்றவுணர்வும் இருக்கலாம். அதற்குப் பிறகு கவிதையில் ஒரு எழுத்தும் இல்லை. தந்தை என்ன பதில் சொன்னார், ஊரார் எப்படிக் கலைந்தார்கள், மழை நின்றதா என்று எதுவும் தெரியாது.

அவள் சொல்லும் அந்த வாக்கியத்தைத் தமிழில் கொண்டுவருவது எப்படி என்று யோசித்திருக்கிறேன். 'கடவுளுக்கு நன்றி' என்று தொடங்கினால் அது மேடைப்பேச்சாகிவிடுகிறது. நம் வீடுகளில் எந்தத் தாயும் அப்படிப் பேசுவதில்லை. 'நல்லவேளை, என்னைக் கொட்டுச்சு. புள்ளைங்களை விட்டுருச்சு' என்றுதான் வரும். அதில் கடவுள் பெயர் போய்விடுகிறது, நூறுக்கு ஒன்று என்ற எதிர்நிலையும் போய்விடுகிறது. 'சாமி புண்ணியத்துல' என்று சேர்த்தால், ஊராரின் பாவ புண்ணியக் கணக்கு அவள் வாய்க்குள் நுழைந்துவிடுகிறது. இன்னும் எனக்குத் திருப்தியான வரி அமையவில்லை.

கவிதையின் முதல் சொல்லுக்கு மட்டும் தமிழில் சிக்கலே இல்லை. 'எனக்கு நினைவிருக்கிறது' என்று தொடங்குகிறவன், அன்றிரவு தேள் விட்டுவைத்த பிள்ளைகளில் ஒருவன்.